வீட்டின் தலையில் இறங்கிய பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடம் என்பது பாடம் சொல்லித் தரும் இடம் மட்டுமன்று. ஒரு குழந்தைக்கு நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் ஓர் இருக்கையையும், கரும்பலகையையும், வயதொத்த துணையையும், கவனம் சிதறினால் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியரையும், அரசுப் பள்ளியானால் மதியச் சோற்றையும் முட்டையையும் சேர்த்தே வழங்கும் ஏற்பாடு அது. இந்த ஏற்பாட்டின் செலவைப் பொது நிதியோ பள்ளி நிர்வாகமோ சுமப்பதால், ஒரே பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளைகள், வீட்டில் படிக்கத் தனி அறை உள்ளவராயினும் ஒற்றை அறையில் ஐந்து பேரோடு வாழ்பவராயினும், அந்த ஐந்தாறு மணி நேரத்துக்காவது ஒரே கூரையின் கீழ் ஏறத்தாழச் சமமாக உட்கார முடிகிறது. 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்று வகுப்பறைகளைப் பூட்டியபோது, அவற்றுக்கு மாற்றாக வந்த இணையவழிக் கல்வியில் இடம்பெயர்ந்தது பாடம் மட்டுமே. இடமும் கருவியும் மின்சாரமும் கண்காணிப்பும் வீட்டின் பொறுப்பாயின. இணையவழிக் கல்வி குறித்து அன்று முதல் இன்றுவரை எழும் முறையீடுகளில் பெரும்பாலானவை தொழில்நுட்பத்தின் குறைகளாகவே பேசப்படுகின்றன என்றாலும், அவற்றின் வேர் இந்தப் பொறுப்பு மாற்றத்தில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அந்தக் காலம் எவ்வளவு நீண்டது என்பதே இப்போது பலருக்கு மறந்துவிட்டது. 10, 12ஆம் வகுப்புகளுக்கு 2021 ஜனவரி 19 அன்றும், 9, 11ஆம் வகுப்புகளுக்குப் பிப்ரவரி 8 அன்றும் கதவுகள் திறந்தன. மார்ச்சில் இரண்டாம் அலை 9, 10, 11ஆம் வகுப்புகளின் கதவுகளை மீண்டும் மூடியது. செப்டம்பர் 1 முதல் உயர்வகுப்புகளும், நவம்பர் 1 அன்று 1 முதல் 8 வரையிலான வகுப்புகளும் தொடங்கின. 2022 ஜனவரியில் மூன்றாம் அலைக்காக ஒருமுறை மூடப்பட்டு, பிப்ரவரியில்தான் வழக்கமான பள்ளி திரும்பியது. அதாவது, 2020இல் முதல் வகுப்புக்குப் பெயர் பதிந்த குழந்தை, தன் வகுப்பறையை முதன்முதலாகப் பார்த்தது இரண்டாம் வகுப்பின் பாதியில். 2020இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாகி, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைப்பதிவுக்கு 20 விழுக்காடுமாக மதிப்பெண் பெற்ற மாணவர்கள், மறு ஆண்டு பதினொன்றாம் வகுப்பிலும் தேர்வின்றித் தேர்ச்சி பெற்று, 2022 மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வையே தம் வாழ்வின் முதல் பொதுத்தேர்வாக எழுதினார்கள்.

இணையவழிக் கல்வி என்ற ஒரே பெயரில் அன்று இரு வேறு முறைகள் நடந்தன. ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் ஜூம், கூகுள் மீட் போன்ற செயலிகளில் கூடுவது ஒத்தநேர வகுப்பு. முன்பே பதிவு செய்த பாடத்தை மாணவர் தமக்கு வாய்த்த நேரத்தில் பார்ப்பது பதிவுப்பாடம். தனியார் பள்ளிகள் பெரும்பாலும் முதல் வழியைப் பற்றிக்கொண்டன. அரசுப் பள்ளிகள் இரண்டாவதை நம்பின. அதற்கான அடித்தளமும் தமிழ்நாட்டில் ஓரளவு முன்பே இருந்தது. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டு, ஒன்றிய அரசின் தீக்ஷா தளத்திலுள்ள காணொளிகளோடு இணைக்கப்பட்டிருந்தன. 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டிருந்தது. 2011 முதல் விலையில்லா மடிக்கணினியும் வழங்கப்பட்டு வந்தது. ஆனால் மடிக்கணினி மேல்நிலை மாணவர்களுக்கு உரியது என்பதால் ஆறாம் வகுப்பு மாணவி அதை எதிர்பார்க்க வழியில்லை. தொலைக்காட்சியோ ஏறத்தாழ எல்லா வீட்டிலும் இருந்தது. எனினும் அது பேசுமே தவிரக் கேட்காது. வகுத்தலில் மீதி ஏன் வருகிறது என்று புரியாத குழந்தை கையை உயர்த்தினாலும், திரையில் இருக்கும் ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்.

கைப்பேசி யாருடையது?

இணைய வசதி உள்ளோருக்கும் இல்லாதோருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வை டிஜிட்டல் இடைவெளி என்கிறோம். அதைக் கைப்பேசிகளை எண்ணி அளக்கும் வழக்கம் எத்தனை பிழையானது என்பதை ஊரகப் பிள்ளைகள் குறித்த ஏசர் ஆய்வுகள் காட்டிவிட்டன. கற்றல் நிலையை நாடு முழுதும் அளக்கும் ஆண்டறிக்கை இது. 2018இல் 36.5 விழுக்காட்டுப் பிள்ளைகளின் வீடுகளில் இருந்த ஸ்மார்ட்போன், 2020இல் 61.8 விழுக்காட்டு வீடுகளிலும் 2021இல் 67.6 விழுக்காட்டு வீடுகளிலும் இருந்தது. அந்தக் கைப்பேசிகள் பல, ஊரடங்கில் கூலி இழந்த குடும்பங்களால் நகை அடகிலும் தவணையிலும் வாங்கப்பட்டவை என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் அதே 2021 அறிக்கை, கைப்பேசி உள்ள வீட்டுப் பிள்ளைகளிலும் 26.1 விழுக்காட்டினருக்கு அது கைக்கே எட்டவில்லை என்கிறது. தந்தை வேலைக்குப் போகும்போது கைப்பேசியும் சட்டைப்பையில் போய்விடும். மாலையில் அது வீடு திரும்பும்போது, அண்ணனின் பத்தாம் வகுப்பு முன்னுரிமை பெற, தங்கையின் நான்காம் வகுப்பு காத்திருக்கும். பெண் பிள்ளையிடம் கைப்பேசியைத் தரத் தயங்கும் வீடுகளில் காத்திருப்பு இன்னும் நீளும்.

கைப்பேசி கிடைத்த பிள்ளைக்கும் தரவு ஒரு கணக்காக நின்றது. காணொளி வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு, படத்தின் தரத்தைப் பொறுத்து, அரை ஜிபி முதல் ஒரு ஜிபிக்கு மேலும் விழுங்கும். நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் முன்கட்டணத் திட்டத்தில் இரண்டு பிள்ளைகள் படித்தால் மதியத்துக்குள் அது தீர்ந்துவிடும். கல்லூரி மாணவர்களுக்காக 2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜிபி இலவசத் தரவை 9.69 லட்சம் பேருக்கு அறிவித்தபோது, இணையவழிக் கல்வியில் தரவும் புத்தகத்தைப் போல ஒரு கல்விப் பொருளே என்பது கொள்கையளவில் ஒப்புக்கொள்ளப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஒப்புதல் நீளவில்லை. ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் வால்பாறையின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் தரவுக்குப் பணம் இருந்தாலும் சிக்னல் கிடைக்கும் மேடு எது என்று தேட வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏழைக் குடும்பங்களின் சுமார் 1,400 பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், இணையவழியில் ஒழுங்காகப் படித்தவர்கள் நகரத்தில் 24 விழுக்காடு, ஊரகத்தில் 8 விழுக்காடு மட்டுமே. நூற்றுக்கு எட்டுப் பேருக்குக் கிட்டிய ஒன்றைக் கல்வி முறை என்று அழைத்தது, கனிவாகச் சொன்னால், அவசரத்தில் நேர்ந்த பெயர்ப்பிழை.

திரைக்கு அப்பால் ஆசிரியர்

ஆசிரியர்களின் நிலையைப் பற்றி எழுதுவோர் அவர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வதுண்டு. அது நியாயமன்று, முக்காலியில் கைப்பேசியைக் கட்டி வைத்து நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டும் வித்தையைப் பெரும்பாலோர் இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் இழந்தது வகுப்பின் முகத்தை. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஓர் அனுபவமிக்க ஆசிரியர், புரியாத இடத்தில் எழும் சலசலப்பையும், பின்வரிசையில் தாழும் கண்களையும், தலையாட்டினாலும் விளங்காத முகத்தையும் படித்துக்கொண்டே அடுத்த வாக்கியத்தைத் தீர்மானிக்கிறார். கற்பித்தல் என்ற தொழிலின் பாதி இந்தப் படிப்பில்தான் அடங்கியிருக்கிறது. தரவைச் சேமிக்கக் கேமராவை அணைத்துவிட்ட வகுப்பில் அவர் முன் இருந்தவை பெயரின் முதலெழுத்து பொறித்த கட்டங்கள், “கேக்குதா?” என்ற கேள்விக்கு இரண்டு பேர் “கேக்குது மிஸ்” என்பார்கள், மற்றவர்கள் அங்கே இருக்கிறார்களா என்பதே தெரியாது. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2020இல் ஐந்து மாநிலங்களில் 1,522 அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வில், மாணவரோடு மனத்தளவிலான பிணைப்பைப் பேண இயலவில்லை என்று 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் கூறினர். மாணவர் கற்றதைப் பொருளுள்ள வகையில் மதிப்பிட முடியாது என்றவர்கள் ஏறத்தாழ 90 விழுக்காடு. தமிழ்நாடு அந்த ஐந்தில் இல்லை. ஆயினும் இங்குள்ள ஆசிரியர் எவருக்கும் அந்த முடிவு வியப்பளித்திருக்காது.

மதிப்பீட்டின் துன்பம் தனியானது. வாட்ஸ்அப் குழுவில் மங்கலாக வந்து சேரும் நோட்டுப்பக்கங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கித் திருத்தி, திருத்தியதைத் திருப்பி அனுப்பி, நிரம்பிய கைப்பேசி நினைவகத்தைக் காலி செய்வதற்குள் இரவு பதினொன்றாகிவிடும். அந்த நோட்டை எழுதியது பிள்ளையா, அம்மாவா, கூகுளா என்பதை உறுதிசெய்ய வழியும் இல்லை. ஆசிரியரின் சொந்த எண் பெற்றோர் அனைவருக்கும் போனதால் வேலை நேரம் என்ற எல்லையே அழிந்தது. கூடுதல் உழைப்புக்கு நடுவே பல சிறு தனியார் பள்ளிகளின் ஆசிரியர்கள் பாதிச் சம்பளத்துக்கும், சம்பளமே இன்றியும் பணியாற்ற நேர்ந்ததை, ஆசிரியர் சமூகத்துக்குள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வின் அடையாளமாகக் குறிப்பிட வேண்டும்.

பிள்ளைகளின் இழப்பு

வயது குறையக் குறைய இழப்பு கூடியது. உயர்வகுப்பு மாணவருக்குத் தன்னைத் தானே நடத்திச்செல்லும் திறன் ஓரளவு வாய்த்திருக்கும். அவர் ஆய்வகத்தை இழந்தார், வேதியியல் செய்முறையைக் காணொளியில் பார்த்தார், ஆனாலும் பாடநூலைத் தானே வாசிக்க முடிந்தது. எழுத்தறிவு என்பதே கையாலும் வாயாலும் நிகழும் முதல் இரண்டு வகுப்புகளில் நிலைமை வேறு. பென்சில் பிடிக்கத் தெரியாத விரல்களைப் பற்றி ‘அ’வின் சுழியை ஆசிரியர் போட்டுக் காட்டுவதற்கும், லகர ளகர ழகர வேறுபாட்டுக்கு நா எங்கே தொட வேண்டும், எங்கே மடங்க வேண்டும் என்று தன் வாயைக் காட்டுவதற்கும் திரையில் மாற்றுக் கிடையாது, மலிவான கைப்பேசியின் ஒலிபெருக்கியில் அந்த மூன்று ஒலிகளும் ஒன்றாகவே கேட்கும். ஒன்றிய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டி, எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் வரையிலான இரு வகுப்புகளுக்கு மேல் கூடாது என்றும், மழலையர் நிலையில் பெற்றோருக்கு வழிகாட்டும் உரையாடல் அரைமணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பிட்டது. அந்த வரம்பு அறிவார்ந்தது. ஆனால், ஐந்து மணி நேரம் பள்ளியில் இருக்க வேண்டிய ஏழு வயதுக் குழந்தைக்கு மிஞ்சிய நேரத்தில் யார் துணை என்ற கேள்விக்கு அதனிடம் விடையில்லை. பல வீடுகளில் துணையாக வந்தது யூடியூப்பும் விளையாட்டுச் செயலிகளும்தாம்.

திரை வகுப்பு பாதுகாப்பானது என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. 2021 மே மாதத்தில் இணைய வகுப்புகளில் ஆசிரியரின் தகாத நடத்தை பற்றிய முறையீடுகள் சென்னையில் வெடித்தபோது, வகுப்புகள் அனைத்தும் பதிவு செய்யப்பட வேண்டும், அப்பதிவுகளைப் பள்ளியளவிலான குழு ஆராய வேண்டும் என்று அரசு ஆணையிட நேர்ந்தது. பள்ளி வளாகத்தில் சக ஆசிரியரின் பார்வையும் தலைமையாசிரியரின் நடமாட்டமும் இயல்பாகவே தரும் காவல், திரையில் தனியாக உருவாக்கப்பட வேண்டிய ஒன்று என்பது அப்போதுதான் உறைத்தது.

இழப்பின் அளவைத் தமிழ்நாட்டளவில் துல்லியமாகக் கூறும் ஆய்வு ஒன்று உண்டு. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள், தமிழக ஊரகங்களின் சுமார் 19,000 பிள்ளைகளைப் பெருந்தொற்றுக்கு முன்னும் பின்னும் வீட்டிலேயே சோதித்து 2022இல் வெளியிட்ட முடிவுகள், பதினெட்டு மாதப் பள்ளி மூடலுக்குப்பின் கணிதத்தில் 0.73 திட்ட விலக்க அளவும் தமிழில் 0.34 அளவும் சரிவு நேர்ந்ததைக் காட்டின. திட்ட விலக்கம் என்பது ஒரு குழுவின் மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியுள்ளன என்பதன் அளவு, 0.73 என்ற சரிவு, நூறு பேரில் நடுவே நின்றிருக்க வேண்டிய பிள்ளை, கடைசியிலிருந்து எண்ணினால் இருபத்துமூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டதற்கு ஒப்பாகும். கைப்பேசியும் தொலைக்காட்சியும் குறியீடுகளும் இயங்கிக்கொண்டிருந்த மாநிலத்தில் நிகழ்ந்தது இது.

ஆனால் அந்த ஆய்வின் மறுபாதியே அதிகம் பேசப்பட வேண்டியது. பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் அந்தச் சரிவில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. இழப்பு பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளை அதிகம் தாக்கியது போலவே, மீட்சியும் அவர்களிடமே அதிகமாக நிகழ்ந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தின் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் பங்கு. அத்திட்டத்தின் கருவி எளியது: மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற உள்ளூர்த் தன்னார்வலர், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மாலை ஐந்து முதல் ஏழு மணி வரை, ஒரு திண்ணை, ஒரு பாய், இருபது பிள்ளைகள். பதினெட்டு மாதம் திரை தர இயலாததைத் திறந்த பள்ளியும் தெருவில் உள்ள ஒரு பெண்ணும் சேர்ந்து ஆறு மாதத்தில் பெருமளவு தந்தனர் என்பது இணையவழிக் கல்வியின் மீதான மிகக் கடுமையான விமரிசனம். அது கருத்தாக அன்றி எண்ணாகவே கிடைத்திருக்கிறது.

பெற்றோரின் பங்கு, பெற்றோரின் செலவு

பெற்றோரை அந்தக் காலம் ஒரே நேரத்தில் கட்டணம் செலுத்துவோராகவும் ஊதியமில்லா உதவி ஆசிரியராகவும் ஆக்கியது. தனியார் பள்ளிகள் கல்விக் கட்டணத்தில் 40 விழுக்காட்டை 2020 ஆகஸ்ட் இறுதிக்குள் வாங்கிக்கொள்ளலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஜூலையில் அனுமதித்தது. ஆசிரியர் சம்பளத்துக்கு வேறு வழியில்லை என்ற பள்ளிகளின் வாதத்திலும், வருமானமே நின்றுவிட்டது என்ற பெற்றோரின் வாதத்திலும் உண்மை இருந்தது. கட்டணம் கட்ட முடியாதோர் அரசுப் பள்ளிக்கு வந்தனர்; நாடு முழுவதுமான ஊரகக் கணக்கில் அரசுப் பள்ளிச் சேர்க்கை 2018இல் 65.6 விழுக்காட்டிலிருந்து 2022இல் 72.9 ஆக உயர்ந்ததாக ஏசர் பதிவு செய்கிறது. உதவி ஆசிரியர் பணியோ பெரும்பாலும் தாய்மார்களின் மேல் விழுந்தது. படித்த தாய் அலுவலக வேலையையும் அடுப்பையும் விட்டுப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்தார். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளையின் தாய்க்கு, ஆசிரியர் அனுப்பிய இணைப்பைத் திறப்பதற்கே பக்கத்து வீட்டுப் பெண்ணின் தயவு வேண்டியிருந்தது. தம்மால் பிள்ளைக்கு உதவ இயலவில்லை என்ற குற்ற உணர்வை இவ்வளவு பெற்றோரிடம் ஒரே காலத்தில் விதைத்த வேறொரு கல்வி ஏற்பாடு அண்மையில் இல்லை.

அந்தக் குற்ற உணர்வு சந்தைக்கு மூலதனமாயிற்று. கற்றல் செயலிகளின் விற்பனையாளர்கள் வீடு தேடி வந்து, பிள்ளை பின்தங்கிவிடும் என்ற அச்சத்தைத் தவணைக் கடனாக மாற்றினார்கள்; இலவசச் சோதனை என்று தொடங்கித் தானாகப் பணம் பிடிக்கும் ஒப்புதலை வாங்கிவிடும் நிறுவனங்கள் குறித்து ஒன்றியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்தது. இத்துறையின் முதன்மை நிறுவனமான பைஜூஸ், 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பிடப்பட்டு, 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. நிறுவனத்தின் சரிவு முதலீட்டாளரின் கவலை. ஆனால் மூன்றாண்டுப் பாடத்துக்கு முன்கூட்டியே கடன் எடுத்த குடும்பங்களுக்கு அத்தகைய ஒப்பந்தங்களில் எந்தக் காப்பும் இருக்கவில்லை என்பது சட்டம் கவனிக்க வேண்டிய ஓட்டை.

பெருந்தொற்று போய்விட்டாலும் பழக்கம் போகவில்லை. கனமழைக்கு மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்த அரைமணி நேரத்தில் சில தனியார் பள்ளிகளின் இணைய வகுப்பு இணைப்பு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. தில்லியில் காற்று மாசு மிகும் குளிர்காலங்களில் வகுப்புகள் திரைக்கு மாறுகின்றன. வீட்டுப்பாடம் முழுவதும் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்த பள்ளிகளில், கைப்பேசியைத் தொடாதே என்று பிள்ளையிடம் சொல்லும் உரிமையைப் பெற்றோர் இழந்துவிட்டார்கள். இணையத்தை விலக்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். தமிழ்நாடு அரசு 2023இல் கொண்டுவந்த மணற்கேணி செயலி போன்ற பதிவுப்பாடங்கள், வகுப்பறையில் ஆசிரியரின் கையில் துணைக்கருவியாகவும், விளங்காததை இரண்டாம் முறை பார்க்க விரும்பும் உயர்வகுப்பு மாணவருக்கு உதவியாகவும் நன்கு பயன்படுகின்றன. துணையாக வந்தது பதிலியாக உட்காரும்போதுதான் கேடு தொடங்குகிறது.

எனவே, அடுத்த பேரிடருக்குக் காத்திராமல் அரசு இப்போதே சில வரையறைகளைச் சட்டமாக்குவது நல்லது. ஐந்தாம் வகுப்பு வரை இணைய வகுப்பைப் பள்ளி வேலைநாளாகக் கணக்கிடக் கூடாது. அதற்கு மேல் இணைய வகுப்பு கட்டாயமாகும் சூழலில் கருவியும் தரவும் பாடநூலைப் போலவே பள்ளியின் செலவாக வேண்டும். ஆசிரியரின் வேலை நேரம் திரையிலும் வேலை நேரமாகவே முடிய வேண்டும். கல்வியுரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கல்வி என்று உறுதியளிக்கிறது. தரவுக்குக் காசு கேட்கும் கல்வி அந்தச் சொல்லுக்குள் அடங்காது. மழைக்கு விடும் விடுமுறையைப் பொறுத்தவரை, அதைச் சனிக்கிழமை வேலைநாளால் ஈடுசெய்யும் பழைய வழக்கமே போதும்.